நர்ஸம்மா வந்த வழி



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பாலம் பற்றியோ பாய்லர் பற்றியோ எழுதித் தருவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். என்ஜினீயர் வேறெதை எழுதப் போகிறான்? ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் நர்ஸ் உத்தியோகம். காரணம் இருக்கிறது. நம்மோடு படித்த சாத்தான்குளம், பேய்க்குளம், முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துப் பையன்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு செமஸ்டர் ஃபீஸ் ஒரு நர்ஸின் சம்பளத்திலிருந்து வந்தது! ஒருவனுக்கு அம்மா, ஒருவனுக்கு அக்கா, ஒருவனுக்கு அத்தை. எனக்கு என் சித்தி. அவர் நைட் டூட்டி பார்த்துச் சேர்த்த பணத்தில்தான் என் முதல் வருஷ ஹாஸ்டல் கட்டணம் கட்டப்பட்டது.

தேரி மணலும், உடைமரமும், பனையும் தவிர வேறொன்றும் பெரிதாக விளையாத மண் நம்முடையது. மழை பொய்த்தால் ஆண்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் மளிகைக் கடைக்குப் போனார்கள். பெண்கள் எப்படி வேலூருக்கும் குவைத்துக்கும் லண்டனுக்கும் போனார்கள்? யாராவது ஒருவர் திடீரென்று கதவைத் திறந்துவிட்டதால் அது நடக்கவில்லை. ஒவ்வொரு படியாக, சுமார் நூற்றைம்பது வருஷ காலத்தில் கட்டப்பட்ட ஏணி அது. அந்த ஏணியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

செவிலித்தாயும் மருத்துவச்சியும்

'செவிலியர்' என்பது இன்றைக்கு அரசாங்க போர்டில் இருக்கிற சொல். ஆனால் அது புதிதாகச் செய்த சொல் அல்ல. சங்க இலக்கியத்து அகப்பாட்டுகளில் தலைவியை எடுத்து வளர்க்கும் தாய்க்குச் செவிலி என்றுதான் பெயர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தன் வயிற்றில் பிறக்காத பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கிறவள் என்கிற பொருளில் இந்தச் சொல்லை எடுத்து நர்ஸுக்கு வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சொல்லுக்கு இருந்த மரியாதை வேலைக்கு இருந்ததா என்றால், இல்லை. நம் ஊர்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவர் அவர். ஆனால் இரத்தமும் தீட்டும் தொடுகிற வேலை என்று சொல்லி அவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி வைத்தது ஊர். நெல்லும் பழந்துணியும் கூலி. நர்ஸ் வேலை என்று ஒன்று வந்தபோதும் இந்தத் தீட்டுக் கணக்கு அப்படியே அதன் தலையில் ஏறியது. "நர்ஸுக்குப் படிக்க வச்சா புள்ளைய யாரு கெட்டுவா?" என்று கேட்ட கிழவிகளை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரி என்பது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிக்கும் துறையில் 16-ஆம் நூற்றாண்டில் பணி செய்த அண்டிரிக் அடிகளார், தமிழில் நூல் அச்சிட்டவர் என்று நாம் அறிந்தவர், புன்னைக்காயலில் ஓர் ஆஸ்பத்திரியும் நடத்தினார். ஆனால் நோயாளியைப் பராமரிப்பது தனியாகப் படித்துத் தேறவேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் உலகில் எங்கேயும் வர இன்னும் முந்நூறு வருஷம் ஆயிற்று.

கணக்குப் போட்ட அம்மையார்

அந்த எண்ணத்தை நிலைநாட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910). கையில் விளக்கோடு நிற்கும் படம் எல்லோருக்கும் தெரியும். என்ஜினீயர்களாகிய நமக்கு அவரிடம் வேறொரு சொந்தம் உண்டு. அவர் ஒரு புள்ளிவிவர நிபுணர். கிரிமியப் போரில் குண்டடி பட்டு இறந்தவர்களைவிடத் தொற்றுநோயால் இறந்தவர்களே அதிகம் என்பதை வட்ட வடிவ வரைபடமாக 1858-ல் போட்டுக் காட்டினார். லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண் அவரே. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

இந்தியாவுக்கு அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் இங்கிருந்து போன அறிக்கைகளை வைத்தே, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் வருஷந்தோறும் செத்துப் போகிறார்கள், அதில் பெரும்பகுதி தடுக்கக்கூடிய சாவு என்று 1863 கமிஷன் அறிக்கைக்காக எடுத்துக் காட்டினார். நல்ல குடிதண்ணீரும் சாக்கடையும் இல்லாமல் நர்ஸ் மட்டும் வந்து பிரயோஜனம் இல்லை என்பது அவர் கட்சி. பாசனத்துக்காக வாதாடிய சர் ஆர்தர் காட்டனுக்கு அவர் ஆதரவாக நின்றார் என்பது சிவில் நண்பர்கள் அறிய வேண்டிய செய்தி.

சென்னையில் இதற்குமுன்பே ஒரு சிறு தொடக்கம் நடந்திருந்தது. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் ஏற்பட்டது. 1854-ல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி அரசு அனுமதியோடு ஆரம்பமானது. 1871-ல் சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. ஆறு மாதப் படிப்பு. மாணவிகள் எத்தனை பேர் தெரியுமா? நாலே நாலு பேர். இந்தியாவின் முதல் நர்ஸிங் பள்ளி என்று பாடப்புத்தகங்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

நர்ஸிங் பள்ளிக்கு முன்னால் பெண்கள் பள்ளி

சென்னையில் நாலு பேர் கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில், திருநெல்வேலிச் சீமையில் மட்டும் எப்படி ஆள் கிடைத்தது? என் விடை இது: எழுதப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் இங்கே ஏற்கெனவே இருந்தார்கள்.

முதலூர் 1799-ல் உண்டான ஊர். அதற்குப் பிறகு மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி என்று மிஷன் ஊர்கள் வரிசையாக வளர்ந்தன. ஒவ்வொன்றிலும் கோயிலோடு ஒரு பள்ளிக்கூடம், அதோடு பெண்களுக்கு ஒரு போர்டிங். இடையன்குடியில் கால்டுவெல் அம்மையார், மெஞ்ஞானபுரத்தில் தாமஸ் ஐயர் குடும்பத்தார், நாசரேத்தில் 1876 முதல் 1908 வரை இருந்த மர்காஷிஸ் ஐயர் என்று இதற்காக உழைத்தவர்கள் பலர். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெண்கள் கல்லூரி 1895-லேயே வந்துவிட்டது. மதம் எதுவாயினும், பனையேறியின் மகள் சிலேட்டு பிடித்தாள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தெர்மாமீட்டர் படிக்கவும், மருந்துச் சீட்டு பார்க்கவும், சார்ட் எழுதவும் தெரிந்த பெண் இல்லாமல் நர்ஸ் ஏது?

வைத்திய வேலையும் கூடவே வந்தது. ஸ்டிராச்சன் என்ற டாக்டர் பாதிரியார் 1870 வாக்கில் நாசரேத்தில் வைத்திய மிஷனைத் தொடங்கினார். செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரி என்று இன்றும் நம் ஜனங்கள் சொல்லும் இடத்துக்கு வேர் அதுதான். பக்கத்தில் பேய்க்குளத்தில் தொழுநோயாளிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. மேற்கே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் இல்லத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகளே அங்கிருந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். தெற்கே நெய்யூரில் 1838-லிருந்து மருத்துவப் பணி. நாகர்கோவிலில் 1893-ல் ஆரம்பித்து காதரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்த பணி. கிழக்கே தூத்துக்குடியில் கத்தோலிக்க சிஸ்டர்களின் சேவை. ஆக நம் பக்கத்துப் பெண்ணுக்கு நர்ஸ் என்றால் யார் என்று காட்ட, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் நாலாபுறமும் வெள்ளைச் சேலை கட்டிய அக்காமார் இருந்தார்கள். ஒருத்தியைப் பார்த்துத்தானே இன்னொருத்தி போவாள்?

முதலில் போனவர்கள் யார் என்பதையும் மறைக்க வேண்டாம். விதவைகள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், கட்டிக்கொடுக்க வழியில்லாத வீட்டு மூத்த பெண்கள். வேறு போக்கிடம் இல்லாததால் வந்தார்கள் என்று ஊர் பேசிற்று. வந்தவர்கள் மாதச் சம்பளத்தோடு திரும்பி, தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தபோது அதே ஊர் வாயை மூடிக்கொண்டது.

வேலூர் காட்டிய வழி

படிப்பு என்ற முதல் படியை உயர்த்திய பெருமை வேலூருக்கு உரியது. ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தம் மனைவியரைப் பார்க்க அவரை அழைத்தார்கள். அவர் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் திரும்பி வந்தார். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் ஆரம்பித்தது 1918-ல். நர்ஸிங் பள்ளியை ஆரம்பித்ததோ 1909-ல். டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது வருஷம் முன்பே நர்ஸ்களை உருவாக்கத் தொடங்கிவிட்டார்!

1946-ல் வேலூரிலும் டில்லியிலும் பி.எஸ்சி. நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கியது. நர்ஸுக்கும் ஒரு யுனிவர்சிட்டி பட்டம் என்பது அன்றைக்குச் சாதாரண சமாச்சாரம் அல்ல. எம்.எஸ்சி. 1959-ல் டில்லியில் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் வேலூரிலும் வந்தது. 1987-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறி, பிறகு மாநிலத்தின் நர்ஸிங் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன.

பதிவும் பணியிடமும்

படிப்பு மட்டும் இருந்தால் போதுமா? நாம் டிகிரி வாங்கிக்கொண்டு வேலையில்லாமல் அலைந்த நாட்களை நினைத்தாலே பதில் தெரிந்துவிடும். இரண்டாம் படி பதிவு. பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று சொல்ல ஒரு ரிஜிஸ்டர் வேண்டும். 1908-ல் இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கம் அமைந்தது. சென்னை மாகாணத்தில் 1926-ல் நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. ஒரு மாநிலத்தில் படித்தவர் இன்னொரு மாநிலத்தில் வேலை பார்க்க இது வழி செய்தது. 2023-ல் பாராளுமன்றம் இதற்குப் பதிலாகத் தேசிய நர்ஸிங் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது.

மூன்றாம் படி பணியிடம். சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம், 1946-ல், போர் கமிட்டி தந்த கணக்கைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ்! டாக்டர்களோ 47,500 பேர் இருந்தார்கள். ஒரு டாக்டருக்குப் பல நர்ஸ் என்பதற்குப் பதில், ஏழு டாக்டருக்கு ஒரு நர்ஸ் என்று தலைகீழாக நின்றது நாடு.

இதை நிமிர்த்த எடுத்த முயற்சிகளில் நம் கிராமங்களுக்கு அதிகம் பயன்பட்டது துணை செவிலியர் பயிற்சி. 1951-ல் பஞ்சாபில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தொடங்கிய படிப்பு நாடெங்கும் பரவியது. 1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி, தனித்தனி நோய்க்குத் தனித்தனி ஆள் என்பதை மாற்றி, எல்லா வேலையும் அறிந்த பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் வேண்டும் என்றது. அதன் வழியே தமிழ்நாட்டில் வந்தவர்தான் கிராம சுகாதார செவிலியர். சுமார் 5,000 ஜனத்தொகைக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்ஸம்மா. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை, பிள்ளைக்குத் தடுப்பூசி, பிறப்புப் பதிவு, குடும்ப நலம் எல்லாம் அவர் தலையில். வெயிலில் தேரிக்காட்டு மணலில் ஐஸ் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்த நர்ஸம்மாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்ததும் ஊசிக்குப் பயந்து ஓடியும் இருக்கிறோம்.

பலன் என்ன? தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை 2001–03-ல் 134. அது 2018–20-ல் 54 ஆகக் குறைந்தது. பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இராத்திரி பகலாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஷிப்டுக்கும் நர்ஸ் இருக்க வேண்டும் என்று 1999-லிருந்து தமிழ்நாடு எடுத்த ஏற்பாடு இதற்கு முக்கிய காரணம் என்றால் மிகையாகாது. திண்டிவனத்து மூன்று வீடுகளுக்கு அன்றைக்குக் கிடைக்காத உதவி இதுவே.

ஏணியின் அடிப்படி

இப்போது நம் பக்கத்துப் பெண்ணோ பையனோ (ஆம், பையன்களும் நிறையப் படிக்கிறார்கள்) நர்ஸாக ஆக என்ன வழி? துணை செவிலியர் படிப்பு இரண்டு வருஷம். டிப்ளமோ மூன்று வருஷம். பி.எஸ்சி. நாலு வருஷம். டிப்ளமோ முடித்தவர் மேலும் இரண்டு வருஷம் படித்துப் பட்டதாரி ஆகலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி., டாக்டர் பட்டம். கிராம சுகாதார செவிலியர் பகுதி சுகாதார செவிலியராகி, சமுதாய நல செவிலியராகி, தாய் சேய் நல அலுவலர் வரை போகலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் கண்காணிப்பாளர் ஆகலாம். மேலே ஏறுவதற்கு இன்றைக்கு வழி நன்றாகவே இருக்கிறது.

குறை எங்கே என்றால் அடிப்படியில். 2015-ல் அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையில் தேறி ஒப்பந்தத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு ஊதியம் கூட்டப்பட்டது உண்மை. ஆனால் 2020-ல் கொரோனாவுக்காக எடுக்கப்பட்ட தற்காலிக நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டதும் உண்மை. கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து நின்றபோது கை தட்டினோம். கை தட்டினால் வீட்டு வாடகை கட்ட முடியுமா?

தனியார் ஆஸ்பத்திரிகளில் நிலைமை இன்னும் கடினம். 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த கமிட்டி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி அரசு நர்ஸுக்குச் சமமாகத் தரவேண்டும். 100-க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50-க்கு மேல் என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. அதற்கும் சிறியது என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. காகிதத்திலேயே இருந்தால் என்ன செய்வது? என் சித்தி பெண் நாலு வருஷம் படித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்க நாங்கள் நடந்த நடை கொஞ்சமல்ல.

இந்த அடிப்படி பலமாக இல்லாததால்தான் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். போவது தவறே இல்லை. உலகத்தில் 59 லட்சம் நர்ஸ்கள் குறைவு என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் அவசரத்தில் போனால் ஆபத்தும் உண்டு. 2014-ல் ஈராக்கின் திக்ரித் நகரில் போரில் சிக்கி, ஜூலையில் மீட்கப்பட்டுக் கொச்சிக்கு வந்த 46 நர்ஸ்கள் ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் கேரளத்தவர். ஒருவர் நம் தூத்துக்குடிப் பெண். கடன் கட்டி முடிக்காமல் ஊர் திரும்ப எப்படி மனசு வரும் என்று அப்போது பலர் பேட்டி கொடுத்ததைப் படித்தோம். ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தின் பாரம் குண்டுச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது! அடுத்த வருஷமே, வளைகுடா முதலான 18 நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பது அரசு ஏஜென்சிகள் வழியாகத்தான் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 1978-ல் ஏற்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அந்த வழிகளில் ஒன்றாயிற்று.

நாம் செய்யக்கூடியது

நம்மில் சிலர் ஆஸ்பத்திரி டிரஸ்டுகளில் இருக்கிறீர்கள். சிலர் ஃபாக்டரி மேனேஜர். சிலர் வெளிநாட்டில் நல்ல நிலையில். அதனால் உரிமையோடு சில வார்த்தை.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள், மேலே சொன்ன கமிட்டிக் கணக்கை ஒரு தடவை உங்கள் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபாக்டரியில் இருப்பவர்கள், ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் நர்ஸோடு கூடிய அறை வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டமே சொன்னதை நினைவில் வையுங்கள். அந்த நர்ஸை அட்டென்டர் போல நடத்தாதீர்கள்.

ஊரில் யாராவது, "அண்ணே, பாப்பாவ நர்ஸிங் சேக்கலாமா?" என்று கேட்டால், சேர்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கூட உட்கார்ந்து நாலு விஷயம் பாருங்கள். அந்தக் கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? பயிற்சிக்கு உண்மையான ஆஸ்பத்திரி, உண்மையான நோயாளிகள் இருக்கிறார்களா? படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்தாயிற்றா? அசல் சர்டிபிகேட் பிள்ளை கையில் இருக்கிறதா? முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், நிறைய வேலை கற்றுக்கொள்கிற பெரிய வார்டாகப் பார்த்துச் சேரச் சொல்லுங்கள். அமெரிக்காவோ, இங்கிலாந்தோ, ஜெர்மனியோ, அந்தந்த நாட்டுப் பரீட்சைக்கும் மொழிக்கும் அந்த அனுபவம்தான் கைகொடுக்கும்.

நம் சங்கம் வருஷா வருஷம் என்ஜினீயரிங் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. நல்ல காரியம். அதோடு சாத்தான்குளம் வட்டாரத்தில் நர்ஸிங் படிக்கும் ஓர் ஏழைப் பெண்ணுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பலரை என்ஜினீயர் ஆக்கியது அவர்கள் பணம். ஒரு பெண்ணின் ஃபீஸை நாம் கட்டினால் அது தர்மம் ஆகாது, பழைய கடனில் ஒரு தவணை.